செங்கல் வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது: மதுரை வெயிலுக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி, செலவுக் கணக்கோடு

பூசாத செங்கல் சுவருக்கு வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடிக்க நினைப்பவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "சதுர அடிக்கு எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அந்தக் கணக்கைக் கடைசியில் தருகிறேன். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் சுவர் தண்ணீர் குடிக்குமா?

பெயிண்ட் சுவரின் மேல் தோலாக ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்பு செங்கல்லின் துளைகளுக்குள் இறங்கி, காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்து, மெல்ல மெல்லத் திரும்பக் கல்லாகிறது. இது நடக்கச் சுவரில் சில நாள் ஈரம் இருக்க வேண்டும். மதுரை வெயில் அந்த ஈரத்தைச் சில நிமிடங்களில் உறிஞ்சிவிடும். ஈரம் போனால் சுவரில் மிஞ்சுவது வெறும் வெள்ளைப் பொடி. கை வைத்தால் கையோடு வரும். கீழே சொல்லும் படிகளில் பாதிக்கு மேல் அந்த ஈரத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

1. சுவர் ஏற்குமா என்று பாருங்கள்

ஒரு கை தண்ணீரைச் சுவரில் தெளியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சிக் கறுத்தால் நல்ல சுவர். நம் பக்கத்துச் சூளைச் செங்கல், நாட்டுச் செங்கல் எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் குடிக்கும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு வழிந்தால், யாரோ வார்னிஷோ சிலிக்கான் பூச்சோ அடித்திருக்கிறார்கள். செங்கல் தெரிய வேண்டும் என்று கட்டிய வீடுகளில் இது அடிக்கடி இருக்கும். அதன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. அந்தப் பூச்சை முழுக்க எடுக்க முடியாவிட்டால் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

மிஷினில் அறுத்துச் சுட்ட வழவழப்பான வயர்கட் செங்கல் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். குடிக்கும், ஆனால் மெதுவாக. அதற்கு ஒரு மூலையில் மூன்றடிக்கு மூன்றடி அடித்து, ஒரு வாரம் கழித்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம் உப்பு. போர் தண்ணீரில் கட்டிய சுவரில் வெள்ளையாகப் பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் சுண்ணாம்பு அடித்தால் உப்பு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். பூச்சு செதில் செதிலாக விழும். உப்பு பூக்கிறது என்றால் எங்கிருந்தோ ஈரம் ஏறுகிறது: மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய், சுவரை ஒட்டிய தோட்டம், உடைந்த சாக்கடை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஒன்றை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஊறிப் பிடித்த சுண்ணாம்பைச் செங்கல்லிலிருந்து முழுதாக எடுக்க முடியாது. ஆசிட் ஊற்றி எடுக்கிறேன் என்று கிளம்பினால் செங்கல்லும் சாந்தும் சேர்ந்து அரிக்கும். சிவப்புச் சுவர் திரும்ப வேண்டும் என்று பின்னால் தோன்றும் என்றால் இப்போதே நிறுத்திக்கொள்வது நல்லது.

2. மாதமும் நேரமும்

தை பிற்பகுதியிலிருந்து பங்குனி தொடக்கம் வரை நல்ல காலம். மழை போயிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. ஊர் முழுக்க வெள்ளையடிப்பது பொங்கலுக்கு முன்னால்தான். ஆனால் மார்கழிக் கடைசியில் ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் ஒரே நாளில் மூன்று கோட்டும் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள். உட்சுவர் அதைத் தாங்கும். வெளிச்சுவர் தாங்காது.

அக்னி நட்சத்திரத்தில் வேண்டாம். ஆடிக்காற்றில் வேண்டாம், சுவரும் காயும், புழுதியும் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முந்தைய வாரங்களில் கட்டாயம் வேண்டாம். பிடிக்காத சுண்ணாம்பு ஒரே மழையில் திண்ணைக்கு வந்துவிடும்.

எந்த மாதமானாலும் நிழல் இருக்கும் சுவரில்தான் வேலை நடக்க வேண்டும். மேற்குச் சுவரைக் காலையில் அடியுங்கள், கிழக்குச் சுவரைப் பிற்பகலில். வடக்குச் சுவர் தை முதல் பங்குனி வரை பெரும்பாலும் நிழலிலேயே இருப்பதால் இடைப்பட்ட நேரத்துக்கு ஆகும். ஆட்கள் வாசலில் தொடங்கி வரிசையாகச் சுற்றி வரத்தான் பார்ப்பார்கள். காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

3. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

சுண்ணாம்பு, இரும்பு டிரம் ஒன்று, வாளிகள், வடிகட்ட பழைய வேட்டித்துணி, கிளற நீளமான கம்பு, சுவர் நனைக்க ஓஸ் அல்லது பூச்சிமருந்து அடிக்கும் கைத்தெளிப்பான். தெளிப்பான் புதிதாக இருக்கட்டும். மருந்து அடித்ததை எடுக்காதீர்கள். அடிப்பதற்கு நார் மட்டையோ அகலமான வெள்ளையடிக்கும் பிரஷ்ஷோ வேண்டும். ரோலர் வேண்டாம். அது செங்கல் முகத்தில் மட்டும் பூசும், இடுக்குகளுக்குள் போகாது.

ரப்பர் கையுறையும் கண்ணை முழுக்க மூடும் கண்ணாடியும் கட்டாயம். ஆட்கள் "பழகிப்போச்சுண்ணே" என்று கழற்றி வைப்பார்கள். விடாதீர்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பட்டுவிட்டால் கசக்காமல், ஓடுகிற நல்ல தண்ணீரில் 20 நிமிடம் இமையைத் திறந்து கழுவிவிட்டு, நேரே கண் மருத்துவமனைக்குப் போங்கள். டிரம் இருக்கும் பக்கம் குழந்தைகள், ஆடு, நாய் எதுவும் வராமல் மறைப்புக் கட்டுங்கள்.

4. சுண்ணாம்பு வாங்குவதும் நீற்றுவதும்

நீற்றுவது என்றால் சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டு உதிர வைப்பது. சுவர் வேலைக்கு ஒரு வாரம் முன்னால் இதைத் தொடங்குங்கள். சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கும் நாட்களில் சுவரைச் சுத்தம் செய்யலாம். இந்த வரிசையை மாற்றினால் சுவர் தயாராக நிற்கும், சுண்ணாம்பு தயாராக இருக்காது. அந்த அவசரத்தில் ஊறாததை எடுத்து அடிப்பார்கள்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் அதை வாங்குங்கள். வெண்மை நன்றாக வரும், திப்பி குறைவு. கல் சுண்ணாம்பும் போதும். சுட்ட கல்லாகவே வாங்கினால் உயிர் இருக்கிறதா என்று கடையிலேயே தெரிந்துவிடும்: ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் சீறி, வெடித்து, சூடாகி உதிர வேண்டும்.

மூட்டையில் வரும் நீத்த பொடியை, அதாவது ஏற்கெனவே நீற்றிப் பொடியாக்கிய சுண்ணாம்பை, அப்படிப் பார்க்க முடியாது. அதற்கு ஒரு வழி: ஒரு சிட்டிகை பொடியில் எலுமிச்சைச் சாறு சொட்டுங்கள். நல்ல பொடி அடங்கிக் கரையும். பொங்கி நுரைத்தால், அது நாள்பட்டுக் காற்றுக் குடித்து, மூட்டையிலேயே திரும்பக் கல்லான பொடி. சுவரில் இனிப் பிடிக்க அதில் ஒன்றுமில்லை. கடைக்காரர் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.

நீற்றும்போது டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு கல். ஒரு கிலோவுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வைத்து, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். கல்லைக் கொட்டி அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் முகத்துக்கு நேரே தெறிக்கும். கொதிக்கும் அளவுக்குச் சூடேறும் என்பதால் பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். மூடி போட்டு இறுக்கவும் கூடாது. கொதி அடங்கியதும் கம்பால் கிளறி, சுண்ணாம்புக்கு மேல் நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி விட்டு மூடி வையுங்கள். குறைந்தது 24 மணி நேரம் ஊற வேண்டும். ஒரு வாரம் என்றால் நல்லது. நீறாத சிறு கற்கள் உள்ளே இருந்தால், சுவரில் அடித்த பிறகு நீறிப் பொரிந்து குழி குழியாக எடுத்துவிடும்.

5. வடிகட்டிக் கரைப்பது

ஊறிய சுண்ணாம்பை வேட்டித்துணியில் வடிகட்டுங்கள். மொத்தத்தில் ஒரு கிலோ சுட்ட கல்லுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் வரட்டும். காய்ச்சாத பால் அளவுக்கு நீர்த்திருக்க வேண்டும். விரலை முக்கி எடுத்தால் நகம் மங்கலாகத் தெரிய வேண்டும். நகம் மறைந்தால் கெட்டி.

பிடிப்புக்கு வேலம்பிசின் போதும். லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் வெந்நீரில் முதல் நாளே கரைத்து, வடிகட்டி ஊற்றுங்கள். வெண்மை எடுப்பாகத் தெரிய, லிட்டருக்கு அதிகபட்சம் 3 கிராம் நீலம்.

கஞ்சி ஊற்றுவது பழைய வழக்கம். உள்ளறைக்கு அது ஆகும். வெளிச்சுவரில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். இப்போது பலரும் மரவேலைக்கு ஒட்டும் வெள்ளைப் பசையை டப்பா டப்பாவாக ஊற்றுகிறார்கள். அது சுண்ணாம்பின் துளைகளை அடைத்துத் தோலாக்கிவிடும்; சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் தோலைத் தள்ளும், பூச்சு உரியும். பசை இல்லாமல் நிற்காது என்று ஆட்கள் சொன்னால், நனைக்காமல் அடித்துப் பழகியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கல்லுப்பும் போடச் சொல்வார்கள். உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும், அது உண்மை. பூச்சு வேலை செய்த சுவரில் போடுங்கள். செங்கல்லில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நம் தண்ணீரிலும் மண்ணிலும் ஏற்கெனவே இருக்கிற உப்பு போதாதா, நாமும் ஏன் ஊற்ற வேண்டும்? நனைப்பதைக் கூட இரண்டு முறை செய்தால் அதே பலன்.

6. சுவரைத் தயார் செய்வது

உப்புப் பூத்ததைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேயே போகும். ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். மறுபடி பூத்தால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

பாசியை பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தேய்த்து, நிறையத் தண்ணீரில் அலசுங்கள். பழைய டிஸ்டெம்பர், சிமெண்ட் பெயிண்ட் மிச்சம் எங்கே இருந்தாலும் சுரண்டி எடுக்க வேண்டும். கார் கழுவும் பிரஷர் மிஷினை வைத்து அடிக்காதீர்கள். பழைய சுவரில் செங்கல் இடைச் சாந்தைத் தோண்டிவிடும். சன்ஷேடு மூலையில் அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுத்துவிட்டு அடையுங்கள். மேலே ஒடித்துவிட்டால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் வெடிப்பு வரும்.

பழைய காரைச் சுவரில், அதாவது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரில், சாந்து உதிர்ந்த இடுக்கைச் சிமெண்டால் அடைக்க வேண்டாம். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு சலித்த மணல் போதும். சிமெண்ட் செங்கல்லைவிடக் கெட்டி. தண்ணீர் குடிப்பதும் வேறு மாதிரி. காய்ந்த பிறகு அந்த இடம் மட்டும் தனி நிறத்தில் தெரியும். சிமெண்டில் கட்டிய புதுச் சுவருக்கு சிமெண்ட் சாந்தே சரி. கட்டி நன்றாகக் காய ஒரு மாதமாவது விடுங்கள்.

கடைசியாக மறைப்பு. அலுமினிய ஜன்னல், கிரானைட், கண்ணாடி, மரக்கதவு எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுங்கள். சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும், அந்தக் கறை போகாது. வண்டியைத் தெருவில் தள்ளி நிறுத்திவிடுங்கள். துளசித் தொட்டியையும் நகர்த்துங்கள்.

7. நனைப்பது

எல்லாப் படியிலும் அதிகம் தவறவிடுவது இதுதான். முதல் நாள் மாலை ஓஸ் பிடித்துச் சுவரை நன்றாகக் குடிக்க விடுங்கள். மறுநாள் அடிப்பதற்கு முன் இன்னொரு முறை தெளியுங்கள். மினுமினுப்பு அடங்கி, செங்கல் கருஞ்சிவப்பாக ஈரத்தோடு இருக்கும் நேரம்தான் மட்டையை வைக்கும் நேரம். தண்ணீர் மேலே ஓடும்போது அடித்தால் சுண்ணாம்பும் சேர்ந்து ஓடும். வெளிறத் தொடங்கிய பின் அடித்தால் செங்கல் சுண்ணாம்பிலிருக்கும் தண்ணீரை ஒரே இழுப்பில் இழுத்துவிடும்.

முழுச் சுவரையும் ஒரே நேரத்தில் நனைத்து வைக்காதீர்கள். ஓர் ஆள் இரண்டு கஜம் முன்னால் தெளித்துக்கொண்டே போக, இன்னொருவர் பின்னால் அடித்து வரட்டும். இதற்காகவே இரண்டு பேர் வேண்டும்.

8. முதல் கோட்

மேலிருந்து தொடங்குங்கள், வழிவதைக் கீழே வரும்போது இழுத்துவிடலாம். மட்டையை மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு, அதன் மேலேயே கீழிருந்து மேலாக ஒரு இழுப்பு, அது காய்வதற்குள் பக்கவாட்டில் வலமும் இடமும். நான்கு பக்கமும் இழுத்தால்தான் செங்கல் இடுக்கின் நான்கு ஓரத்திலும் சுண்ணாம்பு போய்ச் சேரும். வாளியை ஒவ்வொரு முக்குக்கும் கலக்க வேண்டும். சுண்ணாம்பு சீக்கிரம் அடியில் தங்கும். கலக்காவிட்டால் சுவரின் மேல்பாதி தண்ணீராகவும் கீழ்பாதி குழம்பாகவும் போகும்.

இப்போது புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் வரும். அடித்த சுண்ணாம்பு ஈரத்தில் கண்ணாடியாகத் தெரியும், செங்கல் அப்படியே சிவந்து நிற்கும். நாகமலைப் பக்கம் ஒரு வீட்டில் உதவிக்கு வந்த தம்பி, "அண்ணே, ஒண்ணுமே ஏறலையே" என்று பதறிப்போய், நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வாளியில் சுண்ணாம்பைக் கூடக் கொட்டி, கெட்டியாக இரண்டு முறை பூசிவிட்டார். முதலில் நாங்கள் அடித்திருந்த பகுதி மதியத்துக்குள் தானாக வெளுத்து வந்தது. அவர் பூசியது மூன்றாம் நாள் வலைபோல வெடித்தது. அந்த ஆறடிச் சுவரை முழுக்கச் சுரண்டித் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. சுண்ணாம்பு காய்ந்த பிறகுதான் வெளுக்கும். கண்ணை நம்பி வாளியை மாற்றாதீர்கள்.

ஒரு சுவரை எடுத்தால் மூலை வரை முடித்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்கு இறங்க வேண்டும். நடுவில் விட்டால் அந்தக் கோடு மூன்று கோட்டுக்குப் பிறகும் தெரியும்.

9. இரண்டாவது, மூன்றாவது கோட்

கோட்டுக்கும் கோட்டுக்கும் 24 மணி நேரம். ஒவ்வொரு முறையும் லேசாகத் தெளித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். புதுச் செங்கல்லுக்கு மூன்று கோட், முன்பே சுண்ணாம்பு அடித்த சுவருக்கு இரண்டு போதும்.

செங்கல் அங்கங்கே தெரியும்படி பழைய சுவர்த் தோற்றம் வேண்டும் என்றால், இரண்டாவது கோட் அடித்த ஓரிரு மணி நேரத்துக்குள் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் வேண்டிய கற்களை மட்டும் துடைத்துவிடுங்கள். மறுநாள் துடைத்தால் வராது.

10. அடித்த பிறகு மூன்று நாள்

மூன்று நாளைக்குக் காலையிலும் மாலையிலும் மென்மையாகத் தெளியுங்கள். ஓஸ் வேண்டாம், தெளிப்பான் மட்டும். மேற்குச் சுவருக்கு மதியத்தில் சாரத்திலிருந்து ஈரச்சாக்கைத் தொங்கவிடுங்கள், சுவரில் உரசாமல். கூலி வாங்கிக்கொண்டு ஆட்கள் போயிருப்பார்கள். இது வீட்டுக்காரர் வேலை. இதைச் செய்த சுவரையும் செய்யாத சுவரையும் ஒரு வருடம் கழித்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாலே தெரியும்.

11. நிறம் வேண்டுமென்றால்

செங்காவி, மஞ்சள் காவி போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். பெயிண்ட் கடையில் விற்கும் ஸ்டெயினர் எல்லாமே தாங்காது. சில நிறங்கள் சில மாதங்களிலேயே வெளுத்துவிடும். எடையில் சுண்ணாம்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிறம் போனால் உதிரும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தால் மிகவும் வெளிறும். முதலில் ஒரு செங்கல்லில் அடித்துக் காயவைத்துப் பாருங்கள். ஒரு சுவருக்கு வேண்டியதை ஒரே டிரம்மில் கரையுங்கள். இரண்டாவது முறை கரைத்தது ஒருபோதும் ஒத்துப்போகாது.

12. கோளாறு வந்தால்

கையில் பொடி ஒட்டினால்: காய்ந்த சுவரில் அடித்திருக்கிறார்கள், அல்லது சுண்ணாம்பு செத்தது. தளர்ந்ததைத் துடைப்பத்தால் தட்டி, நன்றாக நனைத்து, நீர்த்த ஒரு கோட் அடித்துப் பாருங்கள்.

வெடித்தாலோ செதில் விழுந்தாலோ கெட்டியாக அடித்திருக்கிறார்கள். மேலே இன்னொரு கோட் அடித்து மறைக்க முடியாது, சுரண்டத்தான் வேண்டும்.

திட்டுத் திட்டாக நிறம் மாறி நின்றால் ஒரு மாதம் பொறுங்கள். ஈரம் சீராக வெளியேறப் பெரும்பாலும் தானே அடங்கும். தரையிலிருந்து இரண்டடிக்கு மட்டும் மஞ்சளாக நின்றால் அது கீழிருந்து ஏறும் ஈரம். முதல் படிக்குத் திரும்பப் போங்கள்.

13. செலவு

சுவரின் நீளத்தை உயரத்தால் பெருக்குங்கள். சின்ன ஜன்னல்களைக் கழிக்க வேண்டாம். ஓரம் அடிக்கும் வேலை அதை ஈடுகட்டிவிடும். பூச்சு வேலை முடிந்த வழவழப்பான சுவருக்கு 100 சதுர மீட்டருக்கு ஒரு கோட்டுக்குச் சுமார் 10 கிலோ சுட்ட சுண்ணாம்பு என்பது வழக்கமான கணக்கு. செங்கல் அதிகம் குடிக்கும், இடுக்குகளும் உண்டு. ஆகவே 1,000 சதுர அடிக்கு (ஏறக்குறைய 93 சதுர மீட்டர்) மூன்று கோட்டுக்கும் சேர்த்து 50 கிலோ வாங்குங்கள். நீத்த பொடி என்றால் மூன்றில் ஒரு பங்கு கூட.

கீழே வைத்திருக்கும் விலையும் கூலியும் கணக்குக்காக. உங்கள் பகுதியில் என்ன வாங்குகிறார்களோ அதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு கிலோ 30 ரூபாய் என்றால் 1,500. பிசின், நீலம் 600. மட்டை, துணி, கையுறை, கண்ணாடி, தெளிப்பான் 1,200. சாந்துக்கு மணலும் சுண்ணாம்பும் 500. பொருள் மொத்தம் 3,800 ரூபாய்.

கூலியில், சுத்தம் செய்ய இரண்டு ஆள் ஒரு நாள், தலைக்கு 700 வீதம் 1,400. இடைச் சாந்து அடைக்கக் கொத்தனார் 1,100, சித்தாள் 700, ஆக 1,800. மூன்று கோட்டுக்கு மூன்று நாள், வெள்ளையடிப்பவர் 1,000, உதவியாள் 700, ஆக 5,100. கூலி மொத்தம் 8,300.

இரண்டும் சேர்ந்து 12,100, சதுர அடிக்குச் சுமார் 12 ரூபாய். மாடி வீடு என்றால் சாரத்துக்கு 3,000 சேர்த்துச் சதுர அடிக்கு 15 ரூபாய்.

இதில் சுண்ணாம்பின் பங்கு எட்டில் ஒன்று. மட்டமான பொடி வாங்கி மிச்சம் பிடிப்பதெல்லாம் சில நூறு ரூபாய். அது உதிர்ந்தால் திரும்ப வருவது 8,300 ரூபாய்க் கூலி. பேரம் பேச வேண்டியதும் கூலித் தொகையில் இல்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசினால் ஒரே நாளில் மூன்று கோட்டையும் முடித்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு கோட், நனைப்பது அவர்கள் பொறுப்பு, மூன்றாவது கோட் முடிந்து ஒரு வாரம் கழித்துக் கைத்துணியால் தேய்த்துப் பார்த்த பிறகு கடைசித் தவணை என்று முன்பே பேசிவிடுங்கள்.

மழையும் மேற்கு வெயிலும் நேரே படும் சுவருக்கு மூன்று, நான்கு வருடத்தில் ஒரு கோட் தேவைப்படும். மற்றச் சுவர்கள் அதற்கு மேலும் தாங்கும். மிஞ்சிய சுண்ணாம்பைக் கொட்டிவிடாமல், மேலே தண்ணீர் நிற்க ஒரு டிரம்மில் மூடி வைத்தால் அடுத்த முறைக்கு ஆகும். வருடம் ஏற ஏற அது வெண்ணெயாகும். தண்ணீர் மட்டம் குறையாமல் அவ்வப்போது ஊற்றிவிட்டால் போதும்.